உதடு மூடி, பல் தொடாமல்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது. சொத்தை காட்டப் போன இடத்தில் டாக்டர், "சும்மா இருக்கும்போது உதடு மட்டும்தாங்க மூடியிருக்கணும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே கூடாது" என்றார். இத்தனை வயதாகியும் இது எனக்குத் தெரியாது. எழுதிவிட வேண்டும் என்ற அவசரத்தில் மாத்திரை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

'ஆரணியின் தறிச் சத்தத்துக்கு நடுவே, பல் டாக்டர் தேவிப்ரியா...'

வேண்டாம். ஆரணி என்றதும் தறியை இழுத்து வந்து நிறுத்துவது சோம்பேறித்தனம்.

2003, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பட்டுக்கடையின் மாடியில் தேவிப்ரியாவின் கிளினிக். ஞாயிறுகளில் அங்கே, பல் மருத்துவம் படித்து அரியர் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும். கீழே இருக்கும் கடையும் மொத்தக் கட்டடமும் கணவன் தனசேகரனுடையவை. மாடியையும் ஷோரூம் ஆக்கிவிடலாம் என்று தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்தக் கிளினிக் போய்விட்டால் அவளுக்கென்று வேறு இடம் கிடையாது. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன். பூடகமாக எழுதும் பொறுமை எனக்குப் போய்விட்டது.

(தனசேகரன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக எழுதிப் பார்த்தேன், கதை சுலபமாகிவிட்டது, அடித்துவிட்டேன். அந்தப் பல் நாற்காலியை வேலூரிலிருந்து லாரியில் ஏற்றி வந்து, ஆட்களோடு தானும் தோள் கொடுத்து மாடிப்படியில் தூக்கியவன் அவன்தான்.)

3

"மேல்பல்லோட முகடு கீழ்ப்பல்லு பள்ளத்துல உக்காரணும். பெரும்பாலும் ஒரு பல்லு எதிர்ல ரெண்டு பல்லோட சேரும். அதனாலதான் ஒண்ணு போயிட்டா சுத்தி இருக்கிறதெல்லாம் சாய ஆரம்பிக்குது" என்றாள் தேவிப்ரியா. பிறகு வந்துபோனவர்களின் பல்வரிசையை வார்த்து வைத்திருந்த பிளாஸ்டர் அச்சுகளை எடுத்துக் கொடுத்தாள். "பல்லப் பாத்து ஆளச் சொல்லுங்க."

முதல் அச்சில் முன்பல் விளிம்பில் சின்ன வெட்டு. "நூல் கடிக்கிறவங்க மேடம்" என்றான் தமிழ்வாணன். நெசவுக்காரர் வீட்டுப் பையன், அவனுக்கு இது ஒரு கேள்வியே இல்லை.

அடுத்தது கனிமொழி கைக்குப் போனது. சந்தவாசல் பெண், இந்த ஒரு பாடத்தில்தான் அரியர். மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் சேர்த்துப் பார்த்தாள், விரலால் தடவினாள்.

"முகடே இல்ல மேடம். எல்லாம் தேஞ்சி தட்டையா இருக்குது. இவங்க தூக்கத்துல பல்லக் கடிக்கிறாங்க."

அது தேவிப்ரியாவின் வாய்.

(கை தவறி வந்துவிட்டதாகத்தான் முதலில் எழுதினேன். தன் வாயை அச்செடுத்து, ஓரம் சீவி, காயவைத்தவளுக்குக் கை எப்படித் தவறும்? யாராவது படித்துச் சொல்லட்டும் என்று அவளே வைத்தாள் என்றால் அதுவும் கொஞ்சம் அதிகம். கேட்டால் அவள் சொல்லப்போவதில்லை.)

4

படியில் செருப்புச் சத்தம். தனசேகரன் வந்தான், பின்னால் டேப்போடு ஆசாரி வேடியப்பன்.

"நீ நடத்திகினு இரு. அளவு எடுத்துகினு ஜல்தியா போயிட்றோம்."

வேடியப்பன் டேப்பின் முனையைப் பல் நாற்காலியின் காலில் மாட்டி இழுத்தான். கனிமொழி பாடத்தை விடவில்லை.

"ரொம்ப நாளா கடிக்கிறாங்க மேடம். எதையோ வெளிய சொல்லாம அடக்கிகினு இருக்காங்க போல."

தனசேகரன் கிட்டே வந்து அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"பாவம். இவங்களுக்கு வலிக்காதா? யாரும்மா இது?"

கனிமொழி மேடத்தைப் பார்த்தாள்.

5

முடிவு ஒன்று: "ஒரு பேஷண்டுங்க." டேப் சுவர் வரை போகிறது. நிஜத்தில் இப்படித்தான் நடக்கும், அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

முடிவு இரண்டு: "என்னுதுங்க. மாடிய நான் தர மாட்டேன்." எழுதும்போதே எனக்குக் கைதட்டத் தோன்றியது. உடனே சந்தேகமும் வந்தது.

முடிவு மூன்று: அவள் வாயைத் திறந்து

இல்லை. அவள் இன்னும் அப்படியேதான் நிற்கிறாள். அவன் அவள் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கிறான். எனக்கு அவள்மேல் இரக்கம் இருக்கிறது, ஆனால் அவளுக்குப் பதிலாக நான் பேசிவிட்டால் அவளும் ஆமாம் போட்டுவிடுவாள், பழக்கம் அப்படி. வேண்டுமானால் நீங்கள் சொல்லிப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒன்று. இதைப் படிக்கிறபோது உங்கள் உதடு மூடித்தான் இருக்கும். உள்ளே பல் தொட்டுக்கொண்டிருக்கிறதா?