அழித்தும் குறையாத இடம்

சமோவாவில் குழந்தைகளின் பண்டிகையான வெள்ளை ஞாயிறு அன்று, தலைநகர் ஆப்பியாவின் வானொலி நிலையத்தில் வேலைக்கு மாட்டிக்கொள்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஊரில் குழந்தைகள் வெள்ளை உடுத்தி, தேவாலயத்தில் பைபிள் வசனம் சொல்வார்கள். அப்புறம் பெரியவர்கள் பரிமாற, அவர்கள் முதல் பந்தியில் ஜம்மென்று உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தெலேசியாவின் மகள் மசினாவுக்கு இது முதல் வசனம். அம்மாவோ தீவின் மறுகரையில், நிலையத்தின் லினக்ஸ் இயங்குதளக் கணினிகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர்த் தேவாலயத்தில் ஒரு சின்னக் கணினிப் பெட்டி, ஆராதனை முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிவு செய்துகொண்டிருந்தது. சாயங்காலம் அதை ஒலிபரப்பினால் ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கும் சொந்தபந்தமெல்லாம் கேட்கும். தெலேசியாவும் அப்போதுதான் மகளின் குரலைக் கேட்கப்போகிறாள்.

ஆராதனை முடிகிற நேரத்தில், பெட்டியில் இடம் தீரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. தெலேசியா நிலையத்தில் இருந்தபடியே இணையம் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து, போன வருடப் பதிவுகளை அழிக்கக் கட்டளையைத் தட்டினாள். தட்டிய பிறகுதான் எந்தக் கோப்புறையில் நிற்கிறோம் என்று பார்த்தாள். நின்றது இந்த வருடத்தில். நிஜமாகவா என்று ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் லினக்ஸுக்குக் கிடையாது. சொன்னதைச் செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அறிவிப்பாளர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, இன்னைக்குப் பதிவைப் பூரா அழிச்சுட்டேண்ணே."

அறிவிப்பாளர் பெசமினோ எல்லா நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருப்பவர். உடனே தேவாலயத்துக்கு ஃபோன் போட்டார். "போதகரய்யா, அந்தப் பெட்டியோட பிளக்கைப் புடுங்கி மறுபடி சொருகுங்க. எல்லாம் சரியாயிடும்."

தெலேசியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெரிய கோப்பை அழித்தால் இடம் காலியாக வேண்டும். நிரம்பிய இடமோ துளிகூடக் குறையவில்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பதிவை நிறுத்தாமலே எல்லாரும் பந்திக்கு ஓடியிருக்கிறார்கள்! போனது கோப்பின் பெயர் மட்டும்தான். பதிவு செய்கிற நிரல் கோப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடி விடாதவரை கோப்புக்கு ஆயுசு உண்டு.

ஃபோனைப் பிடுங்கினாள். "ஐயா, பிளக்கைத் தொடாதீங்க!"

"ஐஸ்கிரீம் பெட்டியைச் சொருக அதை விட்டா வேற எடம் இல்லையேம்மா. உருகிப்போனா பிள்ளைங்க என்னை உண்டு இல்லைனு பண்ணிடும்."

"உருகட்டும்யா. யாரையாவது காவலுக்கு உக்கார வைங்க."

"உன் மகதான் பக்கத்துல நிக்கிறா."

"அவளையே உக்கார வைங்க. நான் சொல்ற வரைக்கும் யாரையும் விட வேணாம்னு சொல்லுங்க."

திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் கட்டளையைப் போட்டாள். அழிக்கப்பட்டது என்ற குறிப்போடு அது அங்கேயே இருந்தது. நிரல் பிடித்திருந்த அதே பிடி வழியாக நுழைந்து, நிலையத்துக்கு நகல் இழுத்தாள். இணைப்பு ஆமையாக நகர்ந்தது. பெசமினோ அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, இருக்கிற ஜெபத்தையெல்லாம் சொல்லி முடித்தார்.

நகல் முழுசாக வந்து சேர்ந்தது. மசினாவின் இடத்தைத் தேடி ஓடவிட்டாள். மெல்லிய குரல், மூன்றாவது வரியில் தடுக்கி, வேறெங்கோ தாவி, ஆமென் என்று ஒரே ஓட்டமாக முடிந்தது. தெலேசியா சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

ஃபோனில் போதகர் கெஞ்சினார். "தாயே, உன் மக என்னையே கிட்ட விடமாட்டேங்கிறா. ஐஸ்கிரீம் பாதி தண்ணியாயிடுச்சு. நீயே சொல்லு."

"அம்மா, நான் யாரையும் தொட விடல. போதகரைக் கூட!"

"என் தங்கம்! இப்ப விட்டுடு. உன் வசனத்தைக் கேட்டேன்டி."

மசினாவின் குரல் இறங்கியது. "நடுவுல தப்பா சொல்லிட்டேன்மா. அதை மட்டும் அழிச்சுடேன்."

"அம்மா இன்னைக்கு அழிச்சது போதும்டி," என்றாள் தெலேசியா. "அதைத்தான் மொதல்ல போடப்போறேன்."