பின் பிரேக்குக்கு எண்ணெய்

போல்ட் அசையவில்லை. பார்சல்காரன் வண்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து, இன்ஜினுக்கு அடியில் கையை விட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்பேனரை இழுத்தான். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முற்றத்துத் தூசி முழுவதும் சட்டை முதுகில் அப்பிக்கொண்டது. போல்ட் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

மனைவி குனிந்து பார்த்தாள். "ஏங்க, எந்தப் பக்கம் திருப்புறீங்க?"

"இடது பக்கந்தான்."

"உங்களுக்கு இடதா, போல்டுக்கு இடதா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சத்தமில்லாமல் ஸ்பேனரை மறுபக்கம் மாட்டி ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தான். போல்ட் கழன்றது. இளஞ்சூடான கறுப்பு ஆயில் அவன் மணிக்கட்டில் வழிந்து, கீழே வைத்திருந்த பழைய பேசினில் கொட்டியது.

மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த மாடி வீட்டுப் பெயிண்டருக்கு அன்றைய பொழுது நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. "காலையிலேர்ந்து இறுக்கிக்கிட்டா இருந்தே பார்சல்? நான் ஏதோ கழட்டுறேன்னுல்ல நெனச்சேன்!" என்று மேலிருந்து குரல் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமையில் இந்தக் கூத்து நடக்கக் காரணம் கம்பெனி. திங்கட்கிழமை காலை பெரிய அதிகாரி வருகிறார், எல்லா வண்டிகளையும் ஓட்டிப் பார்ப்பார்கள், புகையோ இன்ஜின் சத்தமோ பிரேக் கோளாறோ இருந்தால் அவனுடைய ஏரியா வேறு ஆளுக்குப் போகும் என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் ஏரியா கடைத்தெருவும் அதை ஒட்டிய சந்துகளும். ஒரே கட்டடத்தில் பத்துப் பார்சல் கொடுத்துவிடலாம். அதை வாங்க அவன் வருஷக்கணக்கில் ஊர்க் கோடியில் அலைந்திருக்கிறான். அங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் வண்டியின் பாதி உயிர் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே இதே கம்பெனிக்கு ஓடுகிறவர்களின் வண்டிகள் தெருவரை நின்றன. மெக்கானிக் வாயில் ஸ்குரூ டிரைவரைக் கவ்விக்கொண்டே, "புதன்கிழமை வாங்க" என்றான்.

அவன் தொங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தபோது மனைவிதான் சொன்னாள். "வண்டி நம்மளுது, பெட்ரோல் நம்மளுது, ரிப்பேர் நம்மளுது. கொற கண்டுபிடிக்க மட்டும் அவங்க வராங்க. வரட்டும். நாமளே சர்வீஸ் பண்ணிருவோம்."

"வெளையாடாதே. நான் இதுவரைக்கும் ஒரு பல்புகூட மாத்துனதில்ல."

"நான் வாராவாரம் மெஷினைத் தொறந்து தொடச்சு எண்ணெ போட்டுட்டுத்தானே வீட்டுக்கு வரேன்? இது என்ன, சக்கரம் வச்ச மெஷின். அவ்வளவுதானே?"

அவள் தையல் ஃபேக்டரியில் ஆபரேட்டர். சட்டைக்குக் கை வைப்பது அவள் வேலை. அவரவர் மெஷினை அவரவரே சுத்தம் செய்யாவிட்டால் சனிக்கிழமை கேட்டைத் தாண்ட முடியாது. அந்தத் தைரியத்தில்தான் முற்றத்தில் பழைய போர்வையை விரித்து, கழற்றுவதை எல்லாம் இடமிருந்து வலமாக, கழற்றிய வரிசையிலேயே அடுக்கிவைத்தாள். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்தால் போதும். துணிக்கட்டு பிரித்து அடுக்கிப் பழகிய கை.

செல்போனில் வீடியோ ஓடியது. அதில் வந்த மனிதன் பளபளக்கும் கூடத்தில், பளபளக்கும் வண்டியை, கையில் கறை படாமல் சர்வீஸ் செய்தான். முக்கியமான இடம் வரும்போதெல்லாம் விளம்பரம் வந்தது. இருந்தாலும் வேலை ஓடிற்று. புது ஆயில் ஊற்றியாயிற்று. ஏர் ஃபில்டரைத் தட்டியதில் ஊர்த் தூசியெல்லாம் கொட்டியது. பார்சல்காரன் செயினில் மண்ணெண்ணெய் ஊற்றி, டூத் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தான். அவனுக்கே உற்சாகம் பிறந்துவிட்டது.

"பழைய பிரஷ்ஷுன்னாலும் நல்லா தேய்க்குது" என்றான்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அது பழசு இல்லீங்க. உங்களுது."

பெயிண்டருக்குப் புரையேறிவிட்டது.

மதியம் அவன் பழைய ஆயிலை ஒர்க்‌ஷாப் டிரம்மில் ஊற்றிவிட்டு வரப் போனான். அவள் மட்டும் வண்டியோடு இருந்தாள். பின் சக்கரத்தைச் சுற்றி, பிரேக்கைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். கீச்சென்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் கீச். அவள் மெஷினில் கீச்சென்றால் அதற்கு எண்ணெய் போதவில்லை என்று அர்த்தம். ஓடுகிற இடத்தில் எல்லாம் எண்ணெய் விட வேண்டும் என்பது முதல் நாள் வேலையிலேயே அவள் கற்றது. வீட்டிலிருந்த மெஷின் எண்ணெய்க் குப்பியின் நீள மூக்கை பிரேக் டிரம்முக்கும் அதன் மூடிக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நுழைத்து, தாராளமாகவே பீய்ச்சினாள். கீச் சத்தம் போயே போய்விட்டது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் திரும்பி வந்து, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முற்றத்திலிருந்து சந்துக்கு வண்டியை விட்டான். இன்ஜின் சத்தம் இதமாக இருந்தது. சந்து முனையில் வழக்கம்போல் பின் பிரேக்கை மிதித்தான். வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தான். அதுபாட்டுக்குப் போயிற்று. முன் பிரேக் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வருவதற்குள், பெயிண்டர் வீட்டுத் துணி காயும் கொடிக்குள் புகுந்து, ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கத்து மணல் குவியலில் நின்றான்.

அவள் ஓடி வந்தாள். போர்வையைப் பிடுங்கி, அவன் கை காலைத் தடவிப் பார்த்தாள்.

"அடி பட்டுச்சா? எங்கேயாவது வலிக்குதா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. பிரேக் சுத்தமா இல்ல. காலையில இருந்துச்சே!"

"நான் எண்ணெ போட்டேன்" என்றாள் அவள் மெதுவாக. "கீச்சுன்னுச்சு. அதான்."

"பிரேக்குக்கா? எண்ணெயா?" அவனுக்குக் கோபம் முட்டிக்கொண்டு வந்தது. "உரசித்தான்டி அது நிக்கணும்!"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இது மெயின் ரோடாக இருந்திருந்தால் என்ற நினைப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முந்தானையிலிருந்த கரி கன்னத்தில் மீசை போல இழுபட்டது. அதைப் பார்த்த பிறகு அவனால் கோபத்தைப் பிடித்துவைக்க முடியவில்லை. சிரித்துவிட்டான். ஏன் சிரிக்கிறான் என்று தெரியாமல் அவளும் அழுகையோடு சிரித்தாள்.

"நாளைக்குக் காலையில போயிருமேங்க ஏரியா."

"எங்க போவும்? வெயில் இருக்குல்ல. போர்வையை விரி."

பின் சக்கரத்தைக் கழற்றினார்கள். டிரம்முக்குள் இருந்த பிரேக் கட்டைகள் இரண்டும் எண்ணெயில் மினுமினுத்தன. பெயிண்டர் கீழே இறங்கி வந்தார். துவைத்த போர்வை அழுக்கானதற்காகக் கொஞ்சம் கத்தினார். பிறகு மேலே போய், சுவர் தேய்க்கிற உப்புத்தாள் எடுத்துவந்து கொடுத்தார். அவள் டிரம்மைப் பெட்ரோல் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அவன் கட்டைகளின் மினுமினுப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்தான். மாட்டும்போது போர்வையின் வலது கோடியிலிருந்து அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். கடைசியில் போர்வையில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டு பேருக்கும் அதை நம்பச் சிரமமாக இருந்தது.

இந்தத் தடவை அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள். "விழுந்தா ரெண்டு பேரும் விழுவோம்" என்றாள். சந்து முனையில் அவன் மிதித்தான். கீச்சென்று வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. அந்தச் சத்தம் அத்தனை இனிப்பாக அவர்கள் காதில் விழுந்ததே இல்லை. ஒரு சுற்றுப் போதும்தான். ஆனால் இருட்டும்வரை சுற்றினார்கள்.

திங்கட்கிழமை காலை, ஃபேக்டரிக்குப் போகிற வழியில் அவளும் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டாள். அவனுக்கு முன்னால் நின்ற இரண்டு வண்டிகளைத் தனியாக ஓரங்கட்டிவிட்டார்கள். சூப்பர்வைசர் அவன் வண்டியில் ஏறி, உதைத்து, காதைச் சாய்த்துக் கேட்டார். வேகமெடுத்துக் கேட்வரை போய் பின் பிரேக்கை மிதித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கீச்.

"ஏரியா உனக்கேதான்பா" என்று சூப்பர்வைசர் இறங்கினார். அவனுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அவள் அத்தனை பேருக்கும் முன்னால் அவன் கையைப் பிடித்துக் கிள்ளிவிட்டாள்.

பெரிய அதிகாரி நடந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். செயின் வெள்ளிக்கொலுசு போல மின்னியது. "எந்த ஒர்க்‌ஷாப்?"

"வீட்லதான் சார். நானும் என் சம்சாரமும் பண்ணோம்."

"வெரி குட், வெரி குட்" என்றவர் ஆபீஸ் பக்கம் கையைக் காட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண் ஸ்டிக்கரோடு ஓடிவந்து டேங்கின் மேல் ஒட்டினாள். 'எங்கள் வண்டிகள், எங்கள் பராமரிப்பில்' என்று கம்பெனி பெயருக்குக் கீழே அச்சாகியிருந்தது. ஃபோட்டோ எடுக்கப் போகிறார்கள் என்றதும் அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஹேண்டில்பார் பக்கம் வந்து நின்றான். அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு அவனை ஒட்டி நின்றாள்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்குங்க. கையெல்லாம் கறுப்பா இருக்கு" என்றாள் அந்தப் பெண், செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. "அக்கா, நீங்களும்."

தள்ளி நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம். உங்க நெழல் வண்டி மேல விழுது."

இருவரும் முதுகு கேட்டில் இடிக்கும்வரை பின்னால் போனார்கள். அதிகாரி, பிள்ளையின் தோளில் அப்பா கை போடுகிற மாதிரி, சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.