இரண்டாவது வெளிச்சம்

எங்கள் குடும்பத்தில் பெண்ணை வெளியே கொடுத்ததில்லை. நான் கட்டியது என் அக்காள் மகளை. என் மகள் கங்காவை, தங்கை அன்னக்கிளியின் மகன் நம்பிராஜனுக்குக் கொடுப்பதாக 2006 ஆவணியில் தாம்பூலத் தட்டு மாற்றிக்கொண்டோம்.

கங்காவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலை. ஒரு நாள் பகல் இரண்டரை மணிக்கு, திரை போட்ட கம்பெனி பஸ்ஸிலிருந்து எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கத்தில் இறங்கியவள், எதிரில் நின்ற அத்தையைத் தாண்டிப் போய்விட்டாள்.

அன்னக்கிளி அன்றே வந்து சத்தம் போட்டாள். "கையக் காட்டிச் சிரிக்கிறேன், அவ பாட்டுக்குப் போறா. சம்பளக்காரி இல்ல? வந்து என் கால்ல வுழச் சொல்லு. அப்பாலதான் கல்யாணம்."

கங்காவைக் கேட்டேன்.

"வெயில்ல எறங்குனா கொஞ்ச நேரம் ஒண்ணும் தெரியாதுப்பா. ஸ்கூல்லேர்ந்து சொல்லிக்கினுதான் கீறேன். நீதான் சாக்குன்னு சொல்லுவ."

சென்னைக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் அவள் கண்ணில் ஒரு முறை ஒளி பாய்ச்சினார். உடனே மறுமுறையும் பாய்ச்சினார். முதல் வெளிச்சத்துக்குக் கண்ணின் பதில் கருவியில் கோடாக வந்தது, இரண்டாவதற்கு வரவில்லை. இரண்டு நிமிடம் பொறுத்துப் பாய்ச்சியபோது வந்தது.

"விழித்திரை செல்லு வெளிச்சம் பட்டதும் சேதி அனுப்பும். உடனே அத நிறுத்தினாத்தான் அடுத்ததப் பாக்க முடியும். நிறுத்தற புரதம் இவங்களுக்குச் சரியா வேலை செய்யல. பார்வை போயிடாது. கறுப்புக் கண்ணாடி போடட்டும்" என்றார். பிறகு கேட்டார்: "சொந்தத்துல கட்டினீங்களா?"

"அக்கா மக" என்று நிமிர்ந்துதான் சொன்னேன்.

குறை எங்கள் இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் சேர்ந்திருக்கிறது என்றார். நம்பிராஜனிடமும் அது மறைந்திருக்கலாம்; இருந்தால் பேரப்பிள்ளைக்கும் வரலாம். சோதித்துப் பார்க்க இங்கே வழியில்லை.

கங்கா காலில் விழுந்தால் கல்யாணம் நடக்கும். கண் விஷயம் யாருக்கும் தெரியாது. மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் காலை தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு தெரு வழியே நடந்தேன். அன்னக்கிளி வீட்டு வாசலில், அக்கம்பக்கத்தார் பார்க்க, தட்டைத் திருப்பி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நம்ம வூட்டுப் பொண்ண வெளியாளுக்கா குடுப்ப? மானம் போவலயா?"

"குடுப்பேன். கண்ணப் பத்திச் சொல்லிட்டுத்தான் குடுப்பேன். அவ யார் கால்லயும் வுழ மாட்டா."

அவள் கதவை அடித்துச் சாத்தினாள். திரும்பி நடந்தேன்.

கோயில் முனை வரை நம்பிராஜன் பின்னாலேயே வந்தான்.

"மாமா, கண்ணாடி வாங்கிட்டியா அவளுக்கு?"

"நாளைக்கு வாங்கணும்."

"பெருசா வாங்கு. சைடுலயும் வெயில் பூந்துடும்" என்று சொல்லிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினான்.