கூழ் குடித்த கீபோர்ட்

நண்டும் மீனும் போட்ட ஒடியல் கூழ்ச் சட்டியைக் கவிழ்க்க இந்த வீட்டில் எத்தனையோ இடமிருக்க, றொபேட் தங்கச்சி அன்ரனிட்டாவின் லப்ரொப்பில் கவிழ்த்தான். பின்னேரம் விரிவுரையாளருக்குக் காட்டவேண்டிய அவளுடைய புரொஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. நல்ல மனதோடு சாரத்தால் அழுத்தித் துடைத்தும் விட்டான். அதன்பிறகு எதைத் தட்டினாலும், அவள் கட்டளைகள் எழுதத் திறந்து வைத்திருந்த கறுப்புத் திரையில் ஓரெழுத்தும் விழவில்லை.

"கீபோர்ட் செத்திட்டுது போல," என்றான், அன்ரனிட்டா வந்ததும்.

"பேசாம இரண்ணை. முதல்ல இந்த நண்டுக்காலை எடுப்பம்."

அவள் போனிலிருந்து லப்ரொப்புக்குள் நுழைந்தாள். ஒரு விசை அசைந்தால் கீபோர்ட், லப்ரொப்பின் மூளையான செயலியைக் கூப்பிடும். செயலி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னவென்று கேட்கும். எத்தனை தடவை ஓடிவந்தது என்பதை லப்ரொப்பை இயக்கும் லினக்ஸ் எண்ணி வைத்திருக்கும்.

"ஒருக்கா அமத்து."

போனில் அந்த எண் இரண்டால் ஏறியது. அமத்தியதற்கு ஒன்று, விரலை எடுத்ததற்கு ஒன்று. அன்ரனிட்டாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அண்ணையின் மீன்வாடை விரல் விலகியதற்குக்கூட இது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறது!

"சாகேல்லை அண்ணை, எல்லாம் கேக்குது. துடைக்கேக்க கொன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேத்து அமத்தித் திரையைத்தான் நிப்பாட்டிப்போட்டாய்."

திரையை விடுவிக்க அவள் கொன்ட்ரோலோடு கியூவை அமத்தினாள். அவள் வருமுன் அவன் தட்டியதெல்லாம், ஆங்கில எழுத்தில், ஒரேயடியாகத் திரையில் கொட்டியது: 'அந்தோனியாரே, அவள் வாறதுக்குள்ள இதைச் சரியாக்கும்.'

றொபேட் வாயைப் பிளந்தான்.

"அந்தோனியாருக்கு முதல் இதுக்குக் கேட்டிருக்கு," என்றாள் அவள், மெதுவாக.