மீன்தொட்டிக்கு ஒரு டைமர்

தொழிற்சாலை முழுவதற்கும் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசருக்கு, வீட்டு மீன்தொட்டி விளக்கை அணைக்க மட்டும் ஞாபகமே வராது. விடிய விடிய எரிந்ததில் கண்ணாடியெல்லாம் பாசி படிந்து, உள்ளே மீன் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது. 'ஊருக்குத்தான் உபதேசம்' என்று தன்னையே திட்டிக்கொண்டு, இருப்பதிலேயே மலிவான டைமர் ஒன்றை வாங்கி வந்து மாட்டினார். சாயங்காலம் விளக்கு தானாக அணைந்தது. தொழிற்சாலையில் அதை அவர் பெருமையடித்துச் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

அதே வாரம், ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கும் அவர் மனைவிக்குத் தினமும் சாயங்காலம் பாதி வகுப்பில் இணையம் அறுந்துபோனது. பொறுத்துப் பார்த்த கணவர், மீன்தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு இணைய கம்பெனிக்குப் போன் போட்டார்.

"எந்த முட்டாள்மா உங்க லைனைப் பாத்துக்கறான்?"

அந்த நொடியில் மீன்தொட்டி விளக்கு அணைந்தது. உள்ளறையிலிருந்து மனைவி, "போச்சு, மறுபடியும் போச்சு!" என்று கத்தினாள். அவர் மெல்லக் குனிந்து பார்த்தார். விளக்கும் ரௌட்டரும் சொருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸையே டைமரில் மாட்டியிருந்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"இருக்கேன்மா. முட்டாளும் கிடைச்சுட்டான், நான்தான்."

அறை வாசலில் வந்து நின்ற மனைவி கேட்டாள்: "மீன் தூங்குற நேரத்துல என் டியூஷன் பசங்களும் தூங்கணுமா?"