தண்ணீரில் போடாத கல்

யெர்கோவுக்கு நான் குழி தோண்டுகிறேன். கல் அவனுக்கு, முதுகுவலி எனக்கு. எங்கள் சுரங்க ஊரான ரிட்ஜில் மண்ணுக்கடியில் ஓபல் கிடக்கும், கருப்புக்குள் சிவப்பும் பச்சையும் தீயாய் ஓடுகிற கல். அதில் நல்லதாய்ப் பொறுக்கி, ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டு அடுக்களை ஜன்னலில் வைத்திருந்தான். தண்ணீரில் நிறம் துள்ளும். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கலாம். அவன் மனைவி நெவென்காவும் பார்க்கலாம். பார்க்க மட்டும்.

கல்யாணமாகி முப்பதாவது வருஷம் அவளுக்குப் பொறுமை தீர்ந்தது.

"ஒரு முழுக்கல்லு. உன் கையால வெள்ளி கட்டி என் கழுத்துல போடு. இல்லேன்னா நான் டப்போ டவுனுக்கு மக வீட்டுக்குப் போறேன், திரும்ப மாட்டேன். நீ பாட்டிலோட குடும்பம் நடத்து."

யெர்கோ பயந்துதான் போனான். ஊர்க் கூடத்தில் வெள்ளிவேலை வகுப்பில் சேர்ந்து, பாதி மீசையைக் கருக்கிக்கொண்டு, லாரி ஏறின பீர் மூடி மாதிரி ஒரு பதக்கம் செய்தான். அதுவரை சரி. கல் வைக்கிற அன்று பாட்டிலைத் திறந்து ஒவ்வொன்றாய் எடுத்தான், கொஞ்சினான், திரும்ப உள்ளேயே போட்டான். கடைசியில் வெங்காயத்தோல் கனத்தில் ஒரு ஓபல் சீவலைக் கருப்புக் கல்மேல் பசை தடவி ஒட்டினான்.

"அண்ணே, இது ஒட்டுக்கல்லு," என்றேன். "தண்ணில ஊறினா பசை விட்டு, புகை படிஞ்ச மாதிரி கல்லு மங்கிடும்."

"அவ என்ன, அதைக் கழுத்துல போட்டுக்கிட்டு நீச்சலா அடிக்கப் போறா? வாய மூடு."

கல்யாண நாள் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டி வைத்திருந்தாள் நெவென்கா. பதக்கத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கோணலா இருந்தாலும் நல்லாத்தான்யா இருக்கு."

மகள் வீட்டுக்குப் போகக் கட்டி வைத்திருந்த பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கடியில் தள்ளினாள். யெர்கோ நெஞ்சை நிமிர்த்தினான்.

"மெருகுப் பொடி ஒட்டியிருக்கு. கொஞ்ச நேரம் ஊறட்டும்," என்று பதக்கத்தைத் தண்ணீர் டம்ளர் பக்கம் கொண்டுபோனாள்.

யெர்கோ மேசைமேலேயே பாய்ந்தான். தட்டு உருண்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, தண்ணில போடாதே!" என்றான்.

"ஏன்?"

"கல்லுக்கு... ஆகாது."

அவள் கல்லைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"அதோ உன் பிள்ளைங்க வருஷக்கணக்கா தண்ணிலதானே கெடக்குதுங்க? அதுங்களுக்கு ஆகும், என் கழுத்துக்கு வர்ற கல்லுக்கு மட்டும் ஆகாதா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் ஒரு முழுச் சுருளை வாயில் அடைத்துக்கொண்டேன்.

பெட்டி மறுபடி வெளியே வந்தது. ஜன்னல் பாட்டிலைத் துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டாள். வாசலில் நின்று பதக்கத்தை வீட்டு நாயின் கழுத்துப் பட்டையில் மாட்டினாள். "இந்த வீட்ல உண்மையா இருந்தது நீதான். நீ போட்டுக்கடா."

கார் போய்விட்டது. கழற்றப் போனால் நாய் கடிக்கிறது. அது தண்ணீர்ச் சட்டியில் தலை குனிகிறபோதெல்லாம் யெர்கோ வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறான்:

"டேய், கழுத்த நனைச்சுடாதடா!"