மூச்சுக்குழாயில் அடித்த கட்டை

படகு இன்ஜினின் மூச்சுக்குழாயில் மரக்கட்டையை அடித்த மூன்றாம் நாள், படகுக் கம்பெனியின் மேலாளர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னபோது அவர் வாயிலிருந்து எண்ணெய்ப் புகை வந்தது. நீலம் கலந்த வெள்ளை நிறம், இளஞ்சூடு, இன்ஜின் அறைக்கே உரிய வாடை. மேசைமேல் விரித்திருந்த வருகைப் பதிவேட்டில் அது பொட்டுப் பொட்டாகப் படிந்தது. அப்போது மணி எட்டேகால். எட்டரைப் படகுக்கு இருநூற்றுப் பத்துப் பேர் துறையில் நின்றிருந்தார்கள். தெற்கிலிருந்து காற்று அடித்தது. டிக்கெட் எழுத்தர் இருமினார், மேலாளர் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டார். எதிரே நின்ற இன்ஜின்காரி மட்டும் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, இது நம் இன்ஜின் எண்ணெய்தான், மாற்றி நாலு மாதம் ஆகிறது என்றாள்.

அவள் பத்தொன்பது வருடமாக அந்தப் படகின் அடிவயிற்றில் வேலை செய்தவள். வாரம் தவறாமல் காற்று வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவதால் அவளுக்கு வடிகட்டி என்றே பட்டப்பெயர். பிடிக்காதவர்கள் அதோடு முட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்வார்கள். அவள் காதில் விழும், திரும்பிப் பார்க்கமாட்டாள். டீசல் இன்ஜினும் மூச்சு விடுகிற ஜீவன்தான். மேலே எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டனின் இடுக்கு வழியாகக் கீழே எண்ணெய் கிடக்கும் அறைக்குள் இறங்கிவிடும். அங்கே எண்ணெயோடு கலந்து புகையாகும். அந்தப் புகை வெளியேற ஒரு குழாய் வேண்டும். முதலில் அந்தக் குழாய் இன்ஜின் அறைக்குள்ளேயே திறந்திருந்தது. தான் விட்ட மூச்சைத் தானே இழுத்து இழுத்து இன்ஜினின் வடிகட்டி ஏழே நாளில் பிசுபிசுத்து அடைத்துக்கொண்டது. எண்ணெயைத் தனியாகப் பிரித்து உள்ளே அனுப்ப ஒரு பெட்டி வாங்கித் தாருங்கள் என்று அவள் மூன்று கடிதம் எழுதினாள். மேலாளர் பெட்டி வாங்காமல் குழாயை நீட்டி மேல்தளத்துக்குக் கொண்டுபோனார். அங்கே புதிதாகப் போட்ட வெள்ளை இருக்கைகளிலும், அவற்றில் உட்கார்ந்தவர்களின் வெள்ளைச் சட்டைகளிலும் எண்ணெய் சொட்டியது. உடனே ஒரு தச்சரைக் கூப்பிட்டுக் குழாயின் வாயில் கட்டையை அடித்து, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டும் பூசச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்கூடச் சோற்றுக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை.

ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் இன்ஜின் பார்ப்பவர் ஒரு நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அந்தத் துறையின் சட்டம். கட்டையைப் பிடுங்கினால் போடுகிறேன் என்றாள் அவள். மேலாளர் ஒன்றும் ஆகாது என்று மறுபடி சொன்னார், மறுபடி புகைந்தது. அவள் பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள். அன்றைக்கே அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அவள் இடத்தில், பதினொரு வருடமாக அவளுக்குக் கீழே வேலை பார்த்த சொந்தத் தம்பியையே போட்டார்கள். இரண்டு பெண்களைப் பெற்றவன், கூரை போடாத வீடு ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தவன். எதிலும் ஆமாம் போட்டே நாற்பத்துமூன்று வயதை எட்டியவன். அவளுக்கு அவன்மேல் கோபம் வந்ததைவிடப் பயம் வந்ததுதான் அதிகம். உள்ளே அடைபட்ட எண்ணெய்ப் புகை தீப்பிடிக்கச் சூடேறிய ஒரு பேரிங் போதும். வெடித்தால் முதலில் போகிறவன் பக்கத்தில் நிற்கிறவன். அந்த இடத்தில் இத்தனை நாள் அவள் நின்றாள். இப்போது அவன் நின்றான்.

தம்பி நோட்டில் எழுதியதை வாயால் படித்துச் சொன்னபோது அவன் வாயிலிருந்தும் புகை வந்தது. பயப்படாமல் ஏறுங்கள் என்று சொன்ன டிக்கெட் எழுத்தருக்கும் வந்தது. ஊர் இரண்டு நாள் இதைப் பேசியது. மூன்றாம் நாள் சலவைக்காரர் அழுக்கு எடுக்கக் கூடுதல் நேரம் கேட்டார், அதோடு பழகிவிட்டது. தேதி சொன்னாலோ தேநீர் கேட்டாலோ மேலாளரின் வாய் சுத்தமாகவே இருந்தது; படகு நன்றாக இருக்கிறது என்றால் மட்டும்தான் புகைந்தது. அவரும் தனக்குத் தெரிந்த வைத்தியத்தையே செய்தார்: வாயைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டார். மதியத்துக்குள் இரண்டு காது வழியாகவும் எண்ணெய் கசிந்தது, மாலைக்குள் சட்டைப் பொத்தான் துளைகள் வழியாகவும். மருத்துவர் அதைச் சோதனைக்கு அனுப்பினார். நாற்பதாம் எண் இன்ஜின் எண்ணெய், வடிகட்டினால் இன்னும் பயன்படும் என்று சீட்டு வந்தது. அடைத்தால் வேறு வழியாக வரும் என்பதை அந்த மனிதரின் உடம்பு புரிந்துகொண்டது. அவர் புரிந்துகொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் தம்பி அக்காவைப் பார்க்க வந்தான். தட்டில் சோறு போட்டபடியே, படகு எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். நன்றாக ஓடுகிறது என்று அவன் சொன்னதும் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடி மங்கி, மணி தெரியாமல் போனது. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். பிறகு, எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தானாகத் துள்ளித் துள்ளி வெளியே விழுகிறது, அதனால் கட்டிவைத்திருக்கிறேன் என்றான். அதைச் சொல்லும்போது புகை வரவில்லை.

"எதால கட்டினே?"

"கட்டுக்கம்பியாலக்கா. நாலு சுத்து."

"அது வாயத் திறந்து சொல்லுதுடா. நீ அதோட வாயைக் கட்டிட்டு வந்து என் வீட்ல சோறு திங்கிறே."

சொல்லிவிட்டு அவள் அழுதாள். அழுதுகொண்டே அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மறுநாள் எட்டேகாலுக்கு, கையில் சுத்தியலும் உளியுமாக அவள் துறைக்கு வந்தாள். படகு நிறைய ஆட்கள் ஏறியிருந்தார்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் ஏணியை மறித்து நின்று, நிறுத்திவைக்கப்பட்டவர் படகில் கால் வைத்தால் போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். புகை அவர் முகத்தையே மறைத்தது.

"கூப்பிடுங்க சார். வர்றவர்கிட்டயும் ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. அப்பவும் உங்க சட்டை வெள்ளையா இருக்குதான்னு பாக்கலாம்."

ஏறியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் அவரைத் தாண்டிப் போய்க் கீழே இறங்கி இன்ஜினை நிறுத்தினாள். இன்ஜினின் பக்கவாட்டு இரும்புக் கதவில் உள்ளங்கையை வைக்கப் போனவள், சூடு தாங்காமல் வைக்குமுன்பே எடுத்துக்கொண்டாள். தம்பி கதவைத் திறக்க ஸ்பானரை எடுத்தான். அவன் கையில் ஓங்கி அடித்தாள். சூட்டோடு திறந்தால் காற்று உள்ளே போகும், போனால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். அவனையும் பயணிகளையும் கரைக்கு அனுப்பிவிட்டு, மேல்தளம் ஏறி, பெயிண்ட் பூசிய கட்டையை நாலே அடியில் பெயர்த்தாள். குழாய் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டது. அது முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அந்த முக்கால் மணி நேரமும் துறையில் நின்ற மேலாளர், எழுத்தர், தம்பி மூவர் வாயிலிருந்தும் புகை தானாகப் போய்க்கொண்டிருந்தது. பயணிகள் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படித்தார்கள். இன்ஜின் ஆறியபின் கதவைத் திறந்து பார்த்தார்கள். மூன்றாவது பேரிங் சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. தம்பி அதைத் தொட்டுப் பார்த்தான். இன்னொரு பயணம் தாங்கியிருக்காது என்றான். அவன் உதட்டில் புகையே இல்லை.

பேரிங் மாற்றியபின் அவள் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பால் கேன் ஒன்றை எடுத்துவந்து, அதனுள் மெல்லிய கம்பிவலையைச் சுருட்டிச் சுருட்டித் திணித்து, மூச்சுக்குழாயை அதில் செருகினாள். புகை வலையில் மோதிக் களைத்து எண்ணெயை விட்டுவிடும். எண்ணெய் அடிக்குழாய் வழியாக இன்ஜினின் வயிற்றுக்கே திரும்பும். மிஞ்சிய காற்றை இன்ஜினே இழுத்துக்கொள்ளும். ஏழே நாளில் அடைத்துக்கொண்ட வடிகட்டி ஏழு மாதம் ஆகியும் காய்ந்தே கிடந்தது. அவளை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டதாகக் கம்பெனி அறிவித்தது. அதற்குள் அவள் வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மேலாளரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே எல்லா ஜன்னல்களும் எப்போதும் திறந்தே இருக்கும் என்று சொல்கிறார்கள்.

துறையில் அன்றிலிருந்து ஒரு வெள்ளைத் துணி தொங்குகிறது. நோட்டில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. இன்ஜின் பார்ப்பவர் துணிக்கு ஒரு முழம் தள்ளி நின்று 'சரி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். துணி வெள்ளையாக இருந்தால் ஜனங்கள் ஏறுவார்கள். துணியை வாரம் ஒருமுறை சலவைக்காரர் எடுத்துப்போவார், பெரும்பாலும் வேலையே இருக்காது. அவள் பதினான்கு வருடம் அப்படிச் சொன்னாள், ஒரு பொட்டுக்கூட விழுந்ததில்லை. அதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஓய்வு பெற இரண்டு நாள் இருந்தபோது ஒரு வியாழக்கிழமை காலை அவள் துணிமுன் நின்று 'சரி' என்றாள். ஓரத்தில் கடுகளவு ஒரு புள்ளி விழுந்தது. புதிய மேலாளர், பதினான்கு வருடப் பேரைக் கெடுக்க வேண்டாமென்று நினைத்தோ என்னவோ, அது ஈ எச்சம் என்றார். தம்பி விளக்கை எடுத்தான். முந்தைய நாள் முழங்கால் வலிக்குப் பயந்து, பால் கேனின் அடிக்குழாயைக் குனிந்து பார்க்காமல் விட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஈ இல்ல சார். நான் சொன்ன பொய்தான் அது" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

ஏறக் காத்திருந்தவர்கள் முணுமுணுக்காமல் பெட்டிகளின்மேல் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார்கள். தம்பி அவளுக்கு முன்னால் இறங்கி விளக்கைப் பிடித்தான். அவள் முழங்காலை ஊன்றிக் குனிந்து, அடைத்திருந்த குழாயைக் கழற்றித் தட்டினாள். பிறகு மேலே வந்து மறுபடி 'சரி' என்றாள். துணி வெள்ளையாகவே இருந்தது. எட்டரைப் படகு அன்று ஒன்பதேகாலுக்குக் கிளம்பியது.